மாமா போட்ட சீலிங்

உண்மையை முகத்துக்கு நேரே சொல்லும் ஆற்றல் ஒரு தலைமுறையில் ஒருவருக்குத்தான் வாய்க்கிறது. எங்கள் குடும்பத்தில், இந்தத் தலைமுறையில், அந்த ஒருவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. உயரம், எடை, இரத்த வகை போல இதுவும் ஒரு தகவல். கல்லூரியில் தன் கவிதைகளை இரண்டு மணி நேரம் வாசித்த பேராசிரியர், இறங்கி வந்து "எப்படி இருந்தது?" என்று கேட்டபோது, நாற்காலிகள் வசதியாக இருந்தன என்று சொன்னவன் நான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்பதில்லை. உண்மை தன் வேலையைச் செய்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பேர்ப்பட்டவனை ஒரு பொய்க்குள் குடிவைத்து வளர்த்தார்கள். பொய் என்று நான் சொல்வது எங்கள் வீட்டுச் சுவரை.

அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமா, பூச்சு வேலை செய்கிறவர். நான் பிறந்த சமயத்தில் சுவரிலும் சீலிங்கிலும் மேடு பள்ளமாக டிசைன் போடுவது ஊரில் ஒரு காய்ச்சல் மாதிரி பரவியிருந்தது. மாமா அந்தக் காய்ச்சலின் தலைமை மருத்துவர். தங்கை புது வீடு வாங்கியதும், கேட்காமலேயே வந்து, காசு வாங்காமலேயே போட்டுக் கொடுத்தார். ஹால் சீலிங் முழுக்க மீன் செதில் போல அரைவட்டம் அரைவட்டமாக இழுத்தார். சுவர்களில் இன்னும் தாராளம் காட்டினார். ஈரப் பூச்சைக் கரணையால் தட்டித் தட்டிக் கூர்கூராக எழுப்பி, அப்படியே காயவிட்டுவிட்டார். பலாப்பழத்தின் தோலை உட்பக்கமாகத் திருப்பி, நடுவில் எங்களைக் குடிவைத்த மாதிரி இருந்தது.

அப்பாவுக்குச் சுவரில் சாய்ந்தபடி போன் பேசும் பழக்கம் உண்டு. அவர் முழங்கைத் தழும்புகளைப் பார்த்தே எந்தச் செய்தியை எந்த மூலையில் நின்று கேட்டார் என்று நான் சொல்லிவிடுவேன். அக்காவின் துப்பட்டாக்களில் நூல் இழுபடாதது ஒன்றுகூடக் கிடையாது. பிறந்தநாளுக்குக் கட்டிய பலூன்கள் கேக் வெட்டும்வரை தாங்கியதில்லை. சீலிங் செதில்கள் அவ்வப்போது மணல் உதிர்க்கும். டீயை மூடி போட்டுக் குடிக்கும் குடும்பம் உலகத்தில் நாங்கள் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் ஒருவர்கூட மாமாவிடம் சொன்னதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாமா வருவார். ஹாலின் நடுவில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேலே பார்ப்பார். இந்த மாதிரி போடுவதற்கு இன்றைக்கு ஆளே கிடையாது என்பார். அது நூற்றுக்கு நூறு உண்மை; எல்லோரும் திருந்திவிட்டார்கள். உன் கை யாருக்கு வரும் அண்ணே என்பாள் அம்மா. வீட்டுக்கே ஒரு களை மச்சான் என்பார் அப்பா, முழங்கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டே. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அதற்குள் ஒரு பிஸ்கட்டைத் திணித்துவிடுவாள்.

இந்த நாடகம் என் காலத்திலும் முடிந்திருக்காது. ஆனால் அக்காவின் குழந்தை நடக்கத் தொடங்கியது. போன முறை வந்தபோது அது எழுந்து நின்று, எல்லாக் குழந்தைகளையும் போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைத்தது. பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தது. அழவில்லை. அந்த வயதிலேயே அதன் முகத்தில் தெரிந்த துரோக உணர்வை நான் மறக்க மாட்டேன். அடுத்து வரும்போது சில மாதங்கள் தங்கப்போகிறாள் அக்கா. சுவரைச் சரி பண்ணுங்கள், இல்லையென்றால் குழந்தையைக் கையுறை போட்டுத்தான் கூட்டி வர வேண்டும் என்று போனில் சொன்னாள்.

சுவரை வழவழப்பாக்க ஒரு பூச்சுக்காரரை அமர்த்த வேண்டும். உலகத்தில் எந்தக் குடும்பத்துக்கும் இது ஒரு போன் பேசுகிற வேலை. எங்களுக்கோ அம்மாவின் பிறந்த வீடு போகிற விஷயம்.

காரணம், பெரியம்மா. அம்மாவின் அக்காவான அவள், தன் வீட்டில் மாமா போட்ட டிசைனின் நட்ட நடுவில் ஆணி அடித்து ஒரு கடிகாரத்தை மாட்டினாள். மாமா அதைப் பார்த்தார். மணி எத்தனை என்று கூடக் கேட்காமல் வெளியே போனார். அதோடு சரி, அந்த வீட்டு வாசற்படி மிதிப்பதில்லை. ஒரு ஆணிக்கு அந்தக் கதி என்றால், மொத்தத்தையும் சுரண்டி எடுக்கிறவர்களுக்கு என்ன கதி? தாத்தாவும் போய்ச் சேர்ந்து, பழைய வீடும் கைமாறிய பிறகு, அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை டீ மட்டும்தான்.

அந்தச் சமயத்தில் மாமாவே வழி காட்டினார். வெளியூரில் ஒரு ஹோட்டலில் பெரிய வேலை வந்திருக்கிறது, கொஞ்ச நாள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பிறந்ததிலிருந்து அவர்கள் இத்தனை ஒருமனதாக இருந்து பார்த்ததில்லை.

திட்டம் இதுதான். மாமா திரும்புவதற்குள் வேறு ஆளை வைத்து எல்லாவற்றையும் எடுத்துவிடுவது. கேட்டால், மொட்டை மாடியில் தண்ணீர் டேங்க் உடைந்து, சுவர் ஊறிப் பெயர்ந்துவிட்டது என்று சொல்வது. அப்பா இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்து விவரங்களைப் படித்தே தலை நரைத்தவர். டேங்க் உடைந்த விதத்தை அவர் சொல்லக் கேட்டால் நமக்குக் கால் நனையும். அம்மா மாமாவாக நடித்துக் கேள்வி கேட்டாள். எந்த ஓரத்தில் விரிசல்? வடக்கு ஓரம். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ஆபீசில். இப்படி இரண்டு பேரும் காய்கறி நறுக்கிக்கொண்டே ஒத்திகை பார்த்தார்கள்.

பெற்ற மகனை உட்கார வைத்துக்கொண்டு பொய்க்கு ஒத்திகை பார்க்கும் பெற்றோரைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் போடவில்லை. இது கோழைத்தனம் என்றேன். அன்பு என்ற பெயரில் ஒரு மனிதரை முட்டாளாக்குவது என்றேன். சமுதாயம் இப்படித்தான் உளுத்துப்போகிறது என்றும் சொன்னேன். அப்பா நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு பேர் சேர்ந்து ஒரு மனுஷனை ஏமாத்தறோம். வெக்கமா இல்லையா?"

"ரெண்டு பேர்தான்," என்றாள் அம்மா. "நீ இதுல இல்ல. மாமா வந்தா நீ லைப்ரரிக்குப் போயிடு."

"நேரா சொன்னா என்னம்மா ஆயிடும்?"

"நேரா சொல்றதுக்கு உனக்குக் காலேஜ் இருக்கு. எனக்கு இருக்கறது ஒரு அண்ணன்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் அவள் கண்ணைத் துடைத்ததற்கு நான் வேறு அர்த்தம் கொடுக்கவில்லை.

விசாரித்துப் பிடித்த காண்ட்ராக்டர் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வந்தார். சுவரைத் தொடவில்லை, டார்ச் அடித்துப் பார்த்தார். சீலிங்கை அண்ணாந்து பார்த்தவர், சாவு வீட்டுக்கு வந்தவர் போல உச்சுக்கொட்டினார்.

"யாருங்க இந்த வேலையைப் பண்ணது?"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. போட்டவர் நன்றாகத்தான் போட்டார், அந்தக் காலத்தில் இதைப் பார்க்கவே ஜனங்கள் வருவார்கள், உங்களுக்கு எடுக்கத் தெரியுமா என்று மட்டும் சொல்லுங்கள் என்று வெட்டினாள். ஒரு கலைப்பொருளை அழிக்க ஆளும் அமர்த்தி, அழிக்க வந்தவன் அதைக் குறை சொன்னால் சண்டைக்கும் போகிற ஒரே பெண்மணி என் தாய். காண்ட்ராக்டர் இந்த மாதிரி எத்தனையோ வீடு பார்த்தவர். தன்னிடம் ஆட்கள் தனித்தனி என்றார். ஒருவர் சுரண்டி எடுப்பார், அவர் போன பிறகு வேறொருவர் வந்து பட்டி பார்த்து வழவழப்பாக்குவார். சுரண்டுவதற்கு ஒரு பெரியவர் இருக்கிறார், அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை, திங்கட்கிழமை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஷூவைத் துடைத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை சோபா, டிவி, அலமாரி எல்லாவற்றுக்கும் பழைய போர்வை போர்த்தி வைத்திருந்தோம். மணி அடித்தது. நான்தான் திறந்தேன்.

மாமா. தலையில் துண்டு. ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் நீளக் காம்பு போட்ட சுரண்டி.

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, போர்வை போர்த்திய சோபாவைப் பார்த்தார். பின்னால் அம்மா வந்து நின்ற சத்தம் கேட்டது. பிறகு அப்பா.

"மூணாவது மாடி, இடது பக்கம்னு சொன்னான்," என்றார் மாமா கடைசியில். "கீழ வண்டி நின்னப்ப, எதிர் வீடா இருக்கும்னு நெனச்சேன்."

"வெளியூர் போறேன்னியே அண்ணே..."

இந்த இடத்தில் அப்பா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் ஒத்திகை பார்த்த மனிதரால் சும்மா நிற்க முடியாது. மாடியில் டேங்க் உடைந்துவிட்டது மச்சான், ஒரே வெள்ளம் என்று தொடங்கிவிட்டார். மாமா உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். எந்தப் பக்கம் என்று கேட்டார். வடக்கு ஓரம் என்றார் அப்பா. வடக்கு ஓரத்தில் காய்ந்த ஒட்டடை ஒன்று ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம்.

மாமா வாளியைக் கீழே வைத்தார்.

"ஹோட்டலும் இல்ல, வெளியூரும் இல்ல," என்றார். "அந்த வெள்ளை ஷூகாரன்கிட்ட தினக்கூலி. ஊரெல்லாம் நான் போட்டதை நானே சுரண்டிக்கிட்டு இருக்கேன். பேங்க்ல எடுத்தாச்சு. டாக்டர் வீட்டுல எடுத்தாச்சு. ஒவ்வொண்ணு எடுக்கும்போதும் நெனச்சுக்குவேன், போகட்டும், தங்கச்சி வீட்டுல ஒண்ணு இருக்குன்னு." அதுவரை மெதுவாகப் பேசியவர் குரலை உயர்த்தினார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டே. எவனையோ கூப்பிட்டு எடுக்கச் சொல்லுவே. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அம்மாவும் சளைத்தவள் இல்லை. நீ மட்டும் ஹோட்டல் என்று கதை விடவில்லையா, கூடப் பிறந்தவளிடம் கஷ்டத்தைச் சொன்னால் குறைந்தா போய்விடுவாய் என்று கேட்டாள். அது வேறு என்றார் மாமா. என்ன வேறு என்றாள் அம்மா. அப்பா இடையில் புகுந்து, டேங்க் விரிசல் வெளியே தெரியாது, உள் விரிசல் என்று விளக்கினார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்று பெரியவர்கள் பகல் வெளிச்சத்தில், இல்லாத டேங்கைச் சுற்றி நின்று கத்துகிறார்கள். இந்த வீட்டில் உண்மைக்கு நாதியே இல்லையா என்று ஆத்திரமாக வந்தது.

"மாமா, டேங்கும் உடையல, ஒண்ணும் உடையல," என்றேன். "இந்தச் சுவர் எங்களுக்குப் பிடிக்கல. யாருக்குமே பிடிக்கல. அப்பாவுக்குக் கை போச்சு, அக்காவுக்குத் துணி போச்சு, டீயில மண்ணு. போட்ட நாள்லேர்ந்தே பிடிக்கல. சொல்லத்தான் பயம்."

சொல்லி முடித்ததும் மார்பு லேசானது. இந்தக் கட்டத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, கண் கலங்கி, கட்டிக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. உண்மைக்குப் பின்னால் வேறு என்னதான் வர முடியும்?

மாமா அம்மா பக்கம் திரும்பினார். "போட்ட நாள்லேர்ந்தா?" என்று கேட்டார்.

அம்மா தரையைப் பார்த்தாள். மாமா வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மூன்று மாடிக்கும் வாளி படிக்கட்டுச் சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது.

அம்மா திட்டினால் சொல்வதற்கு நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. சோபா மேல் இருந்த போர்வையை எடுத்து மடித்தாள். பிறகு அதை மறுபடியும் விரித்தாள். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்பா என்னைப் பார்த்து, "லைப்ரரிக்குப் போகச் சொன்னோமேப்பா," என்றார். இது அநியாயம். பொய் சொன்னவர்கள் அவர்கள், நாடு கடத்தப்படுகிறவன் நான்.

மறுநாள் காலை மாமா வந்தார். அம்மாவைப் பார்க்காமல் அப்பாவிடம் பேசினார். வேறு ஆளை அனுப்புவதாகக் காண்ட்ராக்டர் சொல்கிறானாம். அந்த ஆள் சுரண்டினால் பூச்சோடு செங்கல்லும் வந்துவிடுமாம். தங்கை வீட்டுச் சுவரில் கண்டவன் கை வைக்கக்கூடாது, அவ்வளவுதான், இதற்கு வேறு அர்த்தம் பண்ண வேண்டாம் என்றார். அப்பா எந்த அர்த்தமும் பண்ணவில்லை என்று உறுதி கொடுத்தார்.

சுரண்டத் தொடங்கினார். தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, தான் இழுத்த ஒவ்வொரு செதிலாக உரித்தார். வீடு முழுக்க வெள்ளைத் தூசி. மாமாவின் புருவம், காது, மீசை எல்லாம் ஒரே நாளில் நரைத்துப்போயின. யாரோடும் பேச்சில்லை. அம்மா டீ போட்டு, மூடி போட்டு, ஜன்னல் திட்டில் வைப்பாள். அவர் தொட மாட்டார். மாலையில் அம்மா அதை எடுத்துக் கொட்டுவாள். மறுநாள் மறுபடி வைப்பாள். மதியம் மாமா கீழே இறங்கி, தெருமுனைக் கடையில், நின்றபடி டீ குடித்துவிட்டு வருவார். எங்கள் ஜன்னலிலிருந்து அந்தக் கடை நன்றாகத் தெரியும். அம்மா பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வீம்பா ஒரு மனிதருக்கு? உண்மையைக் கேட்டால் விடுதலை அடைய வேண்டாமா? ஒரு டம்ளர் டீயில் என்ன மானம் போகிறது? இதை எல்லாம் அவர் முகத்துக்கு நேரே கேட்க நினைத்து ஹாலுக்குப் போவேன். அவர் சாரத்தின் மேல் நின்று, கழுத்தை ஒடித்து மேலே பார்த்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். சரி, வேலை முடியட்டும் என்று திரும்பிவிடுவேன். அதற்குப் பெயர் தயக்கம் இல்லை. கீழே நின்று பேசினால் கண்ணில் தூசி விழும்.

சுரண்டி முடிந்த அன்று பட்டி பார்க்கிற ஆள் வந்தார். மாமா வாசலிலேயே மறித்தார். இந்த வீட்டுக்கு நானே பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று திருப்பி அனுப்பினார். உனக்கு அது பழக்கம் இல்லையே அண்ணே என்று அந்த ஆள் சொன்னது உள்ளே எல்லோருக்கும் கேட்டது. மாமா கதவைச் சாத்திவிட்டு, பட்டியைத் தானே குழைக்க உட்கார்ந்தார்.

வாழ்நாளெல்லாம் அரைவட்டம் இழுத்துப் பழகிய மணிக்கட்டு அது. அதை நேர்கோட்டில் ஓட்டப் படாத பாடு பட்டார். இழுப்பார், இறங்கி வந்து பார்ப்பார், ஏறுவார், திரும்ப இழுப்பார். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பார். உள்ளங்கையால் தடவுவார். சுவர்கள் ஒரு மாதிரி படிந்துவிட்டன. குழந்தை பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றலாம். சீலிங்கைத்தான் அவர் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வேலை முடிந்தது. மாமா கரணையைக் கழுவி, துண்டை உதறி, ஹாலின் நடுவில் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளவில்லை. பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்தார். அப்பா, ரொம்ப நன்றாக இருக்கிறது மச்சான் என்றார். நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள் என்றார் மாமா. அம்மா சமையலறை வாசலில் டீ டம்ளரோடு நின்றாள். சீலிங் பக்கம் பார்வையே போகவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா என்னைக் கூப்பிட்டார்.

"மருமகனே, நீதான் நேரா சொல்றவன். இவங்க ரெண்டு பேரையும் நம்ப முடியாது. சொல்லு. எப்படி இருக்கு?"

மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. பகலில் தெரியாதது எல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. சீலிங்கின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெல்லிய அலைகள். வரிசை வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல, அரைவட்டங்கள். ஒரு குளத்தில் யாரோ இப்போதுதான் கல்லெறிந்துவிட்டுப் போன மாதிரி. மின்விளக்கு பொருத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீக்கம்கூட இருந்தது. பட்டி பார்க்கிற ஆள் வந்து பார்த்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தில் தூசி அப்படியே இருந்தது. அம்மா டம்ளரின் மூடியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணாடி மாதிரி இருக்கு மாமா," என்றேன்.

"நெசமாவா?"

"முகம் பார்க்கலாம்."

மாமா இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, அம்மா பக்கம் கையை நீட்டினார். அம்மா டம்ளரைக் கொடுத்தாள். அவர் மூடியை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு வாய் குடித்தார். சர்க்கரை ஏன் இவ்வளவு கம்மி என்று கேட்டார். டாக்டர் உனக்குக் குறைக்கச் சொல்லியிருக்கிறாரே என்றாள் அம்மா. இருவரும் அதைப் பற்றிச் சண்டை போடத் தொடங்கினார்கள்.

நான் போய் மேற்கு ஜன்னலின் திரையை இழுத்து மூடினேன்.

"ஏன்டா மூடறே?" என்றார் மாமா.

"வெயில் கண்ணு கூசுது மாமா," என்றேன்.